லோஹேகாவ்: கடைக்காரர் போட்ட பாலம்

புனேவுக்கு விமானத்தில் வருகிறவர்கள் முதலில் கால் வைக்கும் மண் லோஹேகாவ். ஆனால் அந்தப் பெயரைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு, டாக்ஸி பிடித்து, ஹிஞ்ஜவடியின் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கோ கோரேகாவ் பார்க் ஓட்டல்களுக்கோ விரைந்துவிடுகிறார்கள். 1939ல் பிரிட்டிஷ் விமானப் படை இங்கே தளம் அமைத்தது. ஓடுபாதை இன்றும் இந்திய விமானப் படையின் வசம். 2002ல் சுகோய்-30 எம்.கே.ஐ. போர் விமானங்கள் முதன்முதலாகப் படையில் சேர்க்கப்பட்டதும் இங்கேதான். பயணிகள் விமானங்கள் அந்த ராணுவ வீட்டின் திண்ணையில் ஒண்டுக் குடித்தனம் நடத்துகின்றன. 2024 ஜூலையில் புது முனையம் இயங்கத் தொடங்கிய பிறகு திண்ணை கொஞ்சம் அகலமாகியிருக்கிறது.

ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் ஊர் இருக்கிறது. 2017ல் புனே மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட கிராமங்களில் ஒன்று. பழைய வீடுகளுக்கு நடுவே அடுக்குமாடிகள் முளைத்திருக்கின்றன. தலைக்கு மேல் விமானம் உறுமும்போது பேச்சை நிறுத்திவிட்டு, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வது இங்கே எல்லோருக்கும் கைவந்த கலை. ஊருக்குள் துகாராமுக்கு ஒரு கோயில். 2024 செப்டம்பரில் மகாராஷ்டிர அமைச்சரவை புனே விமான நிலையத்துக்குத் துகாராம் மகராஜின் பெயரைச் சூட்டலாம் என்று ஒப்புதல் தந்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் எளிமையானது. துகாராமின் தாய் கனகாயி பிறந்த ஊர் லோஹேகாவ். மகான் ஓடியாடிய பாட்டி வீடு இது.

விமான நிலையங்களுக்கு மன்னர்களின் பெயரும் பிரதமர்களின் பெயரும் வைப்பது நாட்டு வழக்கம். இங்கே அந்த மரியாதைக்குப் பரிந்துரைக்கப்பட்டவர் 17ம் நூற்றாண்டில் தேஹு என்ற ஊரில் கடை வைத்து நொடித்துப்போன ஒரு வியாபாரி. பஞ்சத்தில் முதல் மனைவியையும் மகனையும் பறிகொடுத்தவர். சாதிக் கணக்கில் அவர் குணபி, அன்றைய சாஸ்திரிகள் பார்வையில் சூத்திரர். கடவுளைப் பற்றிப் பாட அவருக்கு உரிமை உண்டா என்ற கேள்வி எழுந்தது. எழுப்பியவர் ராமேஷ்வர் பட். அவருடைய ஊர் வாகோலி, லோஹேகாவுக்குப் பக்கத்து ஊர்தான். அவருடைய எதிர்ப்பினால் துகாராமின் ஏடுகள் இந்திராயணி ஆற்றில் போடப்பட்டன என்றும், பதின்மூன்று நாள் கழித்து நனையாமல் மிதந்து வந்தன என்றும் மரபு சொல்கிறது. ராமேஷ்வர் பட்டே பிறகு அவருடைய சீடரானார்.

லோஹேகாவுக்கென்று தனியாக ஒரு கதையும் உண்டு. பக்தர்களின் சரித்திரங்களை 18ம் நூற்றாண்டில் எழுதிவைத்த மகிபதி அதைச் சொல்கிறார். இந்த ஊரில் சிவபா காசார் என்று ஒரு பாத்திர வியாபாரி. துகாராமின் கீர்த்தனையில் மயங்கிக் கடையை மறந்தார். அவருடைய மனைவிக்குக் கோபம். துகாராமை வீட்டுக்கு அழைத்து, குளிக்க உட்கார வைத்து, கொதிக்கும் நீரை முதுகில் ஊற்றினாள். துகாராம் அவளைச் சபிக்கவில்லை, விட்டலனை அழைத்தார். பின்னால் நோயில் விழுந்த அவள், அவர் குளித்த இடத்துச் சேற்றைப் பூசிக் குணமானாள் என்று கதை முடிகிறது. துகாராமோடு தாளம் தட்டிப் பாடிய பதினான்கு பேர் என்று வார்க்கரி மரபு வைத்திருக்கும் பட்டியலில் சிவபா காசாருக்கும் இடமுண்டு. மளிகை நிறுத்தவரும் பாத்திரம் விற்றவரும் சேர்ந்து கடவுளைப் பாடினார்கள். இந்த ஊரின் பெருமை அதுதான்.

இந்தப் பெருமைக்கு இன்னொரு பக்கம் உண்டு. மகாராஷ்டிரத்தின் கிறிஸ்தவச் சபைகளுக்கு வெளியே அது அதிகம் பேசப்படுவதில்லை. துகாராம் இறந்து சுமார் இரண்டரை நூற்றாண்டு கழித்து, ஒரு மராத்திக் கவிஞர் துகாராம் என்ற பாலத்தின் வழியாகத்தான் தாம் கிறிஸ்துவிடம் வந்து சேர்ந்ததாகச் சொன்னார். அவர் நாராயண் வாமன் திலக். சுதந்திரப் போராட்டத் திலகர் அல்ல, வேறு திலக். 1861ல் ரத்னகிரி மாவட்டத்தில் சித்பாவன பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். அபங்கமும் ஓவியும் அவருக்குத் தாய்ப்பால் போல.

அவருடைய மனமாற்றத்தின் தொடக்கம் ஒரு ரயில் பெட்டி. 1893ல் வேலை தேடி ராஜ்நந்த்காவ் போகும் வழியில், உடன் பயணம் செய்த ஓர் ஐரோப்பியர் அவரோடு கவிதையும் சமயமும் பேசினார். இறங்கும்போது ஒரு புதிய ஏற்பாட்டைக் கொடுத்து, இரண்டு ஆண்டில் நீர் கிறிஸ்தவராவீர் என்றும் சொல்லிப் போனார். அந்த மனிதர் யார் என்று திலக்குக்குக் கடைசி வரை தெரியவில்லை. பாதிரியாரா, அதிகாரியா, வியாபாரியா, எதுவும் தெரியாது. 1895 பிப்ரவரி 10ம் தேதி பம்பாயில் திலக் ஞானஸ்நானம் பெற்றார். பெயர் தெரியாத பயணி சொன்ன கெடு ஏறக்குறைய சரியாகவே இருந்தது.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு பழக்கமான வாசனை அடிக்கும். தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியாரும் பாளையங்கோட்டைப் பக்கம் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையும் தமிழில் செய்ததை, திலக் மராத்தியில் செய்தார். சபைகளில் அதுவரை ஆங்கில மெட்டுக்குள் திணித்த மொழிபெயர்ப்புப் பாட்டுகள் ஏராளம். திலக் அபங்கத்தில் எழுதினார். தேஹுவில் ஏர் பிடித்தவன் முணுமுணுத்த அதே நடையில் கிறிஸ்துவும் பாடப்பட்டார். அவரை வேலைக்கு வைத்துக்கொண்ட அமெரிக்கன் மராத்தி மிஷனுக்கும் தமிழர்களோடு உறவு உண்டு. 1813ல் பம்பாயில் தொடங்கிய அதே அமெரிக்க போர்டுதான் 1816ல் யாழ்ப்பாணத்துக்கும் 1834ல் மதுரைக்கும் ஆட்களை அனுப்பியது.

பாலம் என்ற சொல் வார்க்கரிகளுக்குப் பிடிக்காமல் போகலாம். அவர்களுக்குத் துகாராம் பாலம் அல்ல, கரையே அவர்தான். ஆஷாட மாதம் தேஹுவிலிருந்து பண்டரிபுரத்துக்கு அவருடைய பாதுகைப் பல்லக்கோடு நடக்கும் லட்சக்கணக்கானவர்கள் வேறு எங்கும் போய்ச் சேர நினைப்பதில்லை. சாதி பாராமல் ஒருவர் காலில் ஒருவர் விழும் அந்தக் கூட்டத்திடமிருந்து திலக் எடுத்துக்கொண்டது ஒரு பாடம். கடவுள் தம்முடைய பேச்சைப் பண்டிதர் மூலம்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. கணக்குப் புத்தகத்தில் நஷ்டம் எழுதிய கையிலும் அதை எழுதவைப்பார். கிறிஸ்தவத்தில் அவர் தேடியதும் இதைத்தான். மீன் பிடித்த பேதுருவும், கூடாரம் தைத்துச் சாப்பிட்ட பவுலும், தச்சுப் பட்டறையில் வளர்ந்த இயேசுவும் அவருக்கு அந்நியர்களாகத் தெரியாததற்குத் துகாராமை முன்பே தெரிந்திருந்ததும் ஒரு காரணம்.

இந்தப் பாடத்துக்கு மிகச் சிறந்த சாட்சி திலக்கின் வீட்டுக்குள்ளேயே இருந்தார். மனைவி லட்சுமிபாய். 1868ல் பிறந்தவர். சிறு பெண்ணாகவே கல்யாணம் முடிந்துவிட்டது. பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கணவர் கற்றுக்கொடுத்ததுதான் படிப்பு. தீட்டு, மடி என்று வெறி பிடித்தாற்போல் நடந்துகொண்ட ஒரு தகப்பனாரிடம் வளர்ந்தவர். கணவர் மதம் மாறினார் என்ற செய்தி அவருக்கு இடியாக விழுந்தது. சில ஆண்டுகள் பிரிந்திருந்தார். பிறகு கணவரோடு சேர்ந்து வாழ வந்தபோதும் தனி அடுப்பு, தனித் தண்ணீர். யாரும் அவரை வாதம் செய்து மாற்றவில்லை. கடவுள் படைத்தது ஆணும் பெண்ணும் மட்டும்தானே, சாதியைப் படைத்தது யார் என்று தனக்குத்தானே கேட்டுப் பார்த்து, மெல்ல மெல்ல அந்த வேலியை அவரே பிடுங்கினார். 1900ல் ஞானஸ்நானம் பெற்றார்.

திலக் 1919ல் இறந்தார். கிறிஸ்துவின் வரலாற்றைக் காவியமாகப் பாட அவர் தொடங்கிய ‘கிறிஸ்தாயன்’ சில அத்தியாயங்களோடு நின்றுபோயிருந்தது. அதன் பெரும் பகுதியை எழுதியவர் பள்ளிக்கூடம் பார்க்காத இந்த மனைவி. 1934 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய தன் வரலாறு ‘ஸ்மிருதி சித்ரே’, மராத்தியின் மிகச் சிறந்த சுயசரிதைகளில் ஒன்றாக மத வேறுபாடு இல்லாமல் கொண்டாடப்படுகிறது. கணவரைப் போற்றிப் பாடும் புத்தகம் அல்ல அது. கையில் கிடைத்த பணத்தை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வரும் மகானோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்று சிரித்துக்கொண்டே சொல்கிற புத்தகம். மகாராஷ்டிரத்தில் இன்று கவிஞர் திலக்கைப் படித்தவர்களைவிட லட்சுமிபாயைப் படித்தவர்கள் அதிகமாகவே இருப்பார்கள்.

லோஹேகாவிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் போனால் நகர் ரோடு. 2024 மார்ச்சிலிருந்து மெட்ரோவும் ராம்வாடி வரை வருகிறது. அங்கே மரங்கள் அடர்ந்த பெரிய வளாகங்களில் கத்தோலிக்கக் குருமாணவர்கள் படிக்கிறார்கள். பாப்பிறைக் குருமடம் 1893ல் 13ம் லியோ பாப்பரசரால் இலங்கையின் கண்டியில் நிறுவப்பட்டு, 1955ல் புனேவுக்கு இடம் மாறியது. இந்தியாவின் மீட்புக்கு இந்தியாவின் பிள்ளைகளே பணியாளர்கள் என்பது அதன் அடிப்படை எண்ணம். பக்கத்திலேயே டி நோபிலி கல்லூரி. மதுரையில் காவி கட்டி, தமிழ் கற்று, தத்துவபோதகர் என்று பெயர் பெற்ற அதே ராபர்ட் டி நோபிலிதான். தமிழ்நாட்டிலிருந்து வரும் மாணவருக்கு வாசலிலேயே ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

ஒரு காலத்தில் ‘தேவ அழைத்தல்’ என்றால் இப்படிப்பட்ட வாசலுக்குள் போவது என்றுதான் கிறிஸ்தவ வீடுகளில் அர்த்தம். ஒரு பிள்ளை குருவாகவோ கன்னியராகவோ போனால் அது அழைத்தல். மற்றப் பிள்ளை மின்வாரியத்தில் சேர்ந்தால் அது பிழைப்பு. 16ம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் இந்தப் பிரிவினையோடு மோதினார். வீட்டு வேலைக்காரி விசுவாசத்தோடு தரையைப் பெருக்குவதும் துறவி ஜெபிப்பதும் கடவுள் முன்னால் ஒரே எடைதான் என்பது அவருடைய கட்சி. கத்தோலிக்கத் திருச்சபை தன் வழியில் இதை 1964ல் எழுதிவைத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருச்சபை பற்றிய ஏடு, புனிதத்துக்கான அழைப்பு குருக்களுக்கும் துறவிகளுக்கும் மட்டும் உரியதல்ல, எல்லோருக்கும் பொதுவானது என்று ஒரு முழு அத்தியாயத்தில் பேசுகிறது.

எழுத்தில் இருப்பது பீடத்தில் ஏறக் காலம் பிடித்தது. இந்தியாவிலிருந்து துறவறம் பூணாத ஒரு பொதுநிலை மனிதர் புனிதராக அறிவிக்கப்பட்டது 2022 மே 15ம் தேதிதான். அவர் கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712ல் பிறந்து, 1745ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752ல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக்கொல்லப்பட்ட தேவசகாயம். திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர், குடும்பஸ்தர். குமரி மக்கள் அவருடைய கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றத் தொடங்கி இரண்டரை நூற்றாண்டு கழித்து ரோம் அதை ஆமோதித்தது. இந்த விஷயத்தில் சாதாரண ஜனங்கள் சபையைவிட வேகமாக நடந்தார்கள்.

சாதாரண ஆளுக்கு மதிப்பு உண்டு என்று பிரசங்கம் செய்வது எளிது. அவர் கையில் வேலையைக் கொடுத்து நம்புவது கடினம். அதைச் செய்து காட்டிய இடம் ஒன்றைத் தமிழர்கள் பலர் தெரியாமலே கடந்து போகிறார்கள். சென்னையிலிருந்து புனே வழியாக மும்பை போகும் ரயில்கள் சோலாப்பூர், தவுண்ட் தாண்டியதும் கேட்காவ் என்ற சின்ன ஸ்டேஷனைக் கடக்கின்றன. புனேவுக்குக் கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர். பண்டித ரமாபாயின் முக்தி மிஷன் இருப்பது அங்கே.

ரமாபாய்க்குப் பஞ்சம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புராணம் படித்துக்கொண்டு ஊர் ஊராக நடந்த குடும்பம் அவருடையது. 1870களில் தென்னிந்தியாவில் அலைந்த நாட்களில் பசி தாயையும் தந்தையையும் அக்காவையும் சில மாதங்களுக்குள் கொண்டுபோயிற்று. சம்ஸ்கிருதப் புலமைக்காகக் கல்கத்தா அவருக்குப் ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்று பட்டம் தந்தது. 1883ல் இங்கிலாந்தில் கிறிஸ்தவரானார். 1889ல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதனைத் தொடங்கி, மறு ஆண்டே புனேவுக்குக் கொண்டுவந்தார். பெண்களைக் கிறிஸ்தவர்களாக்குகிறார் என்று ஊரே கொதித்தது. பலர் தங்கள் வீட்டுப் பெண்களைத் திரும்ப அழைத்துப்போனார்கள். 1896-97ல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் வந்தபோது ரமாபாய் நேரில் போய் அநாதைப் பெண்களைக் கூட்டிவந்தார். அவர்களுக்குக் கேட்காவின் கரிசல் நிலம் வீடானது. 1900 வாக்கில் அங்கே இரண்டாயிரம் பேர் வரை இருந்தார்கள்.

சோறு போட்டு வைத்திருந்தால் அது நல்ல தர்மம், அவ்வளவுதான். ரமாபாய் அதோடு நிறுத்தவில்லை. நெசவு, எண்ணெய் ஆட்டுதல், தோட்டம், பால் பண்ணை, அச்சுக்கூடம் என்று எல்லாவற்றையும் பெண்களிடமே ஒப்படைத்தார். பார்வையற்ற பெண்களுக்குப் பிரெய்லி கற்பிக்கப்பட்டது. பிறகு வேதாகமத்தை மூல மொழிகளிலிருந்து மராத்தியில் பெயர்க்க உட்கார்ந்தார். அதற்காக எபிரேயமும் கிரேக்கமும் படித்தார். முந்தைய மொழிபெயர்ப்பில் சம்ஸ்கிருதம் மண்டிக் கிடப்பதாக அவர் கருதினார். அத்தனை சம்ஸ்கிருதம் தெரிந்தவர், சம்ஸ்கிருதம் தெரியாத பெண்ணுக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது விசித்திரமல்ல. பெரிய சொல்லால் யார் வெளியே நிறுத்தப்படுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். எழுத்துக் கோத்ததும் அச்சடித்ததும் முக்தியின் பெண்கள். 1922 ஏப்ரலில் ரமாபாய் இறந்தார். முழு வேதாகமம் 1924ல் வெளிவந்தது. கால் நூற்றாண்டுக்கு முன் பஞ்சம் தின்ற கிராமங்களிலிருந்து எலும்புக்கூடுகளாக வந்தவர்கள் ஒரு மொழிக்கு வேதத்தை அச்சிட்டுக் கொடுத்தார்கள்.

ஆனால் சபையின் வரலாறு முழுவதும் கேட்காவ் அல்ல. அங்கேயும் மேல் படிக்கட்டு, கீழ்ப் படிக்கட்டு இருந்தது. திலக்கே அதற்குச் சாட்சி. வெள்ளைக்கார மிஷனரி சம்பளம் கொடுப்பவர், இந்தியப் போதகர் வாங்குபவர் என்ற உறவில் சகோதரத்துவம் எப்படி முளைக்கும் என்ற கேள்வி அவரை அரித்தது. 1917ல் மிஷன் சம்பளத்தை உதறினார். சாத்தாராவில் ‘தேவனின் தர்பார்’ என்று ஒரு குழுவை அமைத்தார். ஞானஸ்நானம் பெற்றவர்களும் பெறாதவர்களும் அதில் கிறிஸ்துவின் சீடர்களாகச் சேரலாம். அவர் அதன் பிறகு இரண்டு ஆண்டுதான் வாழ்ந்தார். தர்பார் நீடிக்கவில்லை. அவர் எழுப்பிய கேள்வி நீடித்தது.

அதைவிடக் கூர்மையான கேள்வி சாதி. இன்று அஹில்யாநகர் என்று பெயர் மாறியிருக்கும் அஹமத்நகர் மாவட்டத்தில் மிஷன் சபைகளை நிரப்பியவர்கள் பெரும்பாலும் மகார்களும் மாங்குகளும். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த அவர்களுக்கு, நீயும் கடவுளின் சாயல் என்ற செய்தி வெறும் தத்துவம் அல்ல, மூச்சு விட இடம். தமிழ்நாட்டிலும் அதே கதை. ஆனால் பல ஊர்களில் கோயில் வாசலுக்குள் சாதியும் செருப்பைக் கழற்றாமல் நுழைந்தது. தனி வரிசை, தனிக் கல்லறை என்ற புகார்கள் நேற்றையவை மட்டுமல்ல. ஒரே அப்பத்தில் பங்கு பெற்றவர்கள் புதைகுழியில் பிரிக்கப்பட்டார்கள்.

அரசின் கதவும் பாதிதான் திறந்தது. 1950ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் உத்தரவுப்படி கிறிஸ்தவரானவர் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் வர முடியாது. 1956ல் சீக்கியர்களுக்கும் 1990ல் பௌத்தர்களுக்கும் அந்தத் தடை நீங்கியது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்ற ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் இதை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட் வரை போனார். இந்துச் செருப்புத் தொழிலாளிகளுக்குத் தரப்பட்ட உதவி தனக்கு ஏன் இல்லை என்பது அவருடைய வழக்கு. மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று 1985ல் கோர்ட் மனுவைத் தள்ளியது. 2022 அக்டோபரில் மத்திய அரசு இதை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. சூசை தோற்றார். ஆனால் சபைத் தலைவர்கள் மேடையில் பேசிய சமத்துவம் தெருவில் எங்கே நிற்கிறது என்று நாட்டின் உயர்ந்த மன்றத்தில் அளந்து பார்த்தவர் ஒரு பேராயர் அல்ல, ஒரு செருப்புத் தொழிலாளி.

புனேயின் தமிழர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் புதிதல்ல. கட்கி ஆயுதத் தொழிற்சாலையையும் தேஹு ரோடு ராணுவக் கிடங்கையும் சுற்றித் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. துகாராமின் ஊருக்குப் பக்கத்திலேயே, அவரை ‘துக்கோபா’ என்று மராத்திக்காரர்கள் போலவே கூப்பிடக் கற்றவர்கள் உண்டு. லோஹேகாவ் விமானப் படைத் தளத்திலும் தமிழ்ப் பேச்சு கேட்கும். ஞாயிற்றுக்கிழமை புனேயின் சபைகளில் மராத்தி, ஆங்கிலம், மலையாளம், தெலுங்கோடு தமிழிலும் ஆராதனை நடக்கிறது. இஞ்சின் பழுது பார்க்கும் கைகள், ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடித்த கைகள், நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த கைகள் அங்கே ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்கின்றன. திங்கட்கிழமை காலையில் அந்தக் கைகள் செய்யப்போகும் வேலைக்கும் ஞாயிறு பாட்டுக்கும் சம்பந்தம் உண்டா என்பதுதான் நம்பிக்கைக்கு வைக்கப்படும் பரீட்சை.

லட்சுமிபாயும் ரமாபாயின் பெண்களும் தந்த பதில், உண்டு என்பது. அவர்களுக்கு யாரும் வெறும் ஆறுதல் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒருத்தியிடம் பேனா வந்தது, இன்னொருத்தியிடம் அச்சு எழுத்து வந்தது. நீ மதிப்புள்ளவள் என்று சொல்வதும், இந்த வேலைக்கு நீ வேண்டும் என்று சொல்வதும் வேறு வேறு. கிறிஸ்தவம் அழைத்தல் என்று சொல்வது இரண்டாவதை. அதைச் சொல்லத் தயங்கிய இடங்களில் சபை வெறும் தர்மசாலையாக நின்றுபோனது. துணிந்து சொன்ன இடங்களில் கேட்காவ் போல ஓர் ஊர் உண்டானது.

லோஹேகாவுக்கு வருகிறவர்கள் ஒரு நாளை ஒதுக்கினால் இவற்றையெல்லாம் பார்த்துவிடலாம். காலையில் ஊருக்குள் துகாராம் கோயில். பிறகு நகர் ரோடு வழியாக ராம்வாடி. மதியம் புனே ஸ்டேஷனிலிருந்து தவுண்ட் பக்கம் போகும் ரயிலில் கேட்காவ். முக்தி மிஷனில் இன்றும் ஆதரவற்ற பெண்களும் குழந்தைகளும் வாழ்கிறார்கள். ரமாபாயின் வேதாகமத்தில் ரமாபாயின் பெயர் இருக்கிறது. அதன் ஒவ்வொரு எழுத்தையும் ஈயத்தில் பொறுக்கி அடுக்கிய பெண்களை வெளியுலகம் பெயர் சொல்லி அறியாது. திலக்கிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு இறங்கிப்போன ரயில் பயணியின் பெயரும் தெரியாது. கடைக்காரருக்கு விமான நிலையம் கிடைத்தால் நல்லதே. மற்றவர்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அழைத்தவருக்குத் தங்கள் பெயர் தெரியும் என்பது அவர்களுக்குப் போதுமாக இருந்திருக்க வேண்டும்.